வலி விட்டு விட்டு வரும்

ஜூன் 4

வாயாடித் தங்கைக்கு,

நேற்று அம்மா போனில் வாய் தவறி உளறிவிட்டாள். உனக்கு ஒன்பதாம் மாதமாம். என் குழந்தை மூச்சில்லாமல் பிறந்ததிலிருந்து, குழந்தைப் பேச்சே என் காதில் விழக்கூடாது என்று எல்லாருமாக முடிவு கட்டிவிட்டீர்கள். பிரசவ வார்டு நர்ஸான என்னிடமே மறைக்கிற விஷயமா இது? கோபமில்லை. போனில் பேசினால் அழுதுவிடுவேன், அதனால் எழுதுகிறேன். பயமாக இருந்தால் என்னைக் கேள்.

அக்கா

ஜூன் 9

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தைப் படித்து அழுதேன். முந்தாநாள் எனக்கு வலி வந்துவிட்டதென்று இவர் வண்டிச் சாவியைத் தேடி ஓடினார்; அதற்குள் வலி நின்றுவிட்டது. டாக்டர், "பிரசவம் மூணு கட்டம்மா, அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுகிறார். எது நிஜ வலி என்றே தெரியவில்லை. உன்னிடம் போய் எப்படிக் கேட்பது என்றுதான் இத்தனை நாள் தயங்கினேன்.

உன் வாயாடி

ஜூன் 13

அசட்டுப் பெண்ணே,

நடந்து பார், படுத்துப் பார். அடங்கினால் பொய் வலி. நிஜ வலி என்ன செய்தாலும் விட்டு விட்டு வரும். இடைவெளி குறைந்துகொண்டே போகும். கருப்பையின் வாய் மெல்லத் திறக்கிறது என்று அர்த்தம். இந்த முதல் கட்டம்தான் நீளம். ஆரம்பத்தில் வீட்டிலேயே சாப்பிடு, தூங்கு. பனிக்குடம் உடைந்தாலோ, ரத்தம் போனாலோ, குழந்தை அசைவு குறைந்தாலோ யோசிக்காமல் கிளம்பு. வாய் முழுதாகத் திறக்கும் நேரம் மோசம். 'என்னால முடியாது, வீட்டுக்குப் போறேன்' என்பாய். அப்படிச் சொன்னால் குழந்தை பக்கத்தில் வந்துவிட்டது. இரண்டாவது கட்டத்தில் முக்கச் சொல்வார்கள். கத்தி மூச்சை வீணாக்காதே. மூன்றாவது, நஞ்சுக்கொடி வெளியே வருவது. அதற்குள் குழந்தை உன் மார்பில் இருக்கும். உனக்கு ஒன்றும் பெரிதாகத் தெரியாது.

எனக்கு அந்தக் கட்டம்தான் நீளமாக இருந்தது.

அக்கா

ஜூன் 28

அக்கா,

பெண் குழந்தை. இருவரும் நலம். வார்டில் ஒரு நேரம், "போதும், நான் வீட்டுக்குப் போறேன்" என்று செருப்பைத் தேடினேன். உடனே நீ எழுதியது ஞாபகம் வந்து வலியோடு சிரித்தேன். நர்ஸ் என்னை ஒரு மாதிரி பார்த்தார். கடைசியில் நஞ்சுக்கொடிக்காகக் காத்திருந்தபோது இவள் என் மேல் சூடாகக் கிடந்தாள். உனக்கு அந்த நேரம் எப்படி இருந்திருக்கும் என்று அப்போதுதான் உறைத்தது.

"இப்ப அவ வர வேணாம், பார்த்தா தாங்கமாட்டா" என்கிறாள் அம்மா. நீ வா. தூக்கிக்கொள். அழுகை வந்தால் அழு. யாரும் உன் கையிலிருந்து இவளை வாங்கமாட்டோம்.

தங்கை

ஜூலை 2

சனிக்கிழமை வருகிறேன். அம்மாவிடம் நானே சொல்லிவிட்டேன். அவள்தான் அழுதாள்.

அக்கா