உங்கள் பியட்டில் துரு பிடித்துவிட்டது

இன்று காலை துணி உலர்த்தப் போனபோது பார்த்தேன். உங்கள் கறுப்பு பியட்டின் பின்சக்கரத்துக்கு மேலே, பெயிண்டுக்கு அடியில் சின்னதாக ஒரு கொப்புளம். நகத்தால் கீறினேன். சிவப்பாக உதிர்ந்தது. இது உங்களுக்குத்தான் முதலில் தெரிய வேண்டும் என்று தோன்றியது, எழுத உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் போய் இன்னும் ஒரு வருடம்கூட ஆகவில்லை.

கடல் காற்று அடிக்கிற இந்த மரைன் ஹில்லில் எந்த இரும்பு தப்பித்திருக்கிறது? நம் ஜன்னல் கம்பியே பொரிந்து பொரிந்து விழுகிறது. உங்கள் வண்டி மட்டும் நேற்று வாங்கியது போல நின்றது. தண்ணீர் எப்போது வரும் என்று குழாயடியில் தவம் கிடந்த கோடைகளிலும் அது தினமும் குளித்தது. நானும் மகளும் ஒரு வாளியை ஆளுக்குப் பாதியாகப் பங்கு போட்டுக்கொண்டோம். குளித்த வண்டியை உங்கள் பழைய வேட்டியால் ஒத்தி ஒத்தித் துடைப்பீர்கள். அந்தக் கை என்மேல் ஒருநாளும் அப்படிப் பட்டதில்லை.

மகளுக்கு அம்மை போட்டிருந்ததே, அந்தக் கோடையைச் சொல்கிறேன். அம்மை இறங்கி, தலைக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டிய நாள். குடம் குடமாகச் சேர்த்துவைத்து அண்டாவை நிரப்பி, வேப்பிலையும் மஞ்சளும் போட்டு முற்றத்து வெயிலில் வைத்திருந்தேன். அன்றைக்குத்தான் உங்கள் கிளப்பின் பழைய கார் ஷோ. அம்மை போட்ட வீட்டிலிருந்து கொண்டாட்டத்துக்குப் போவார்களா என்று கேட்டேன். பெயர் கொடுத்தாயிற்று என்று கிளம்பிவிட்டீர்கள். மதியம் கப்போடு வந்தீர்கள். கடலோர மைதானத்தில் நின்ற வண்டி முழுக்க உப்பு. நான் பிள்ளையை வேட்டியில் சுற்றித் தூக்கிக்கொண்டு முற்றத்துக்கு வருகிறேன், நீங்கள் வேப்பிலையை ஒரு ஓரமாக ஒதுக்கிவைத்துவிட்டு, அண்டாவின் அடித்தண்ணீரை பானெட்டில் ஊற்றிக்கொண்டிருக்கிறீர்கள்.

"அவளுக்கு நாளைக்கு ஊத்திக்கலாம். உப்பு நாளைக்கு வரைக்கும் பொறுக்குமா?" என்றீர்கள்.

மறுநாள் குழாயில் தண்ணீர் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. அக்கம்பக்கத்திலும் கொடுக்க ஆளில்லை. பிள்ளை அரிப்புத் தாங்காமல் அழுது, சொறிந்து, நெற்றியில் ஒரு பள்ளம் விழுந்துவிட்டது. அன்றைக்கு உங்களை வெறுக்க ஆரம்பித்தேன். சமைத்துப் போட்டுக்கொண்டே வெறுத்தேன்.

இந்த வருட ஷோவுக்கு உங்கள் கிளப் செகரட்டரி, அபர்தீன் பஜாரில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிற பாய், வீடு தேடி வந்தார். அண்ணன் போட்டோ வைக்காமல் ஷோ இல்லை, வண்டி வந்தே ஆக வேண்டும் என்றார். நீங்கள் எங்களைத் தொடவே விடாத ஸ்டியரிங்கை மகள் பிடித்தாள். உங்கள் படத்தை பானெட்டில் வைத்து மாலை போட்டார்கள். வந்தவர்களெல்லாம் மட்கார்டைத் தடவித் தடவி ஆச்சரியப்பட்டார்கள். அண்ணி என்பதற்குப் பதில் பாபி என்றே கூப்பிட்டுப் பழகிய பாய் என் கையில் மைக்கைக் கொடுத்தார்.

"இந்த உப்புக் காத்துல இத்தனை வருஷம் எப்படி பாபி? அண்ணனோட சீக்ரெட் என்ன?"

"வேப்பிலைத் தண்ணி," என்றேன். "பிள்ளைக்கு அம்மை எறங்கினா ஊத்துறதுக்கு வச்சிருப்போம்ல, அதை எடுத்து வண்டிக்கு ஊத்தணும்."

கூசிப்போவார்கள் என்று நினைத்தேன். தலையை ஆட்டினார்கள். பழைய ஜீப் வைத்திருக்கிற ஒருவர், மஞ்சளும் சேர்க்க வேண்டுமா என்று கேட்டு போனில் குறித்துக்கொண்டார். ஒரு பிடி சேருங்கள் என்றேன். எல்லோரும் கைதட்டினார்கள். மகள் மட்டும் நெற்றி முடியை இழுத்துவிட்டுக்கொண்டு வண்டிக்குள் போய் உட்கார்ந்தாள்.

வண்டியைக் கிளப்புக்கே கொடுத்துவிடச் சொன்னார் பாய். "பிள்ளை மாதிரி பாத்துக்குவோம் பாபி."

"அவர் பிள்ளையைவிட நல்லாத்தான் பாத்தாரு," என்று சொல்லிவிட்டு ஏறிவிட்டேன்.

திரும்பும்போது கடல் ஏற்றம். அலை சாலைமேல் அடித்து, வண்டி முழுக்க உப்புத் தண்ணீர். ஷெட்டில் நிறுத்தியதும் மகள் பழக்க தோஷத்தில் வாளியை எடுத்தாள். வீட்டுக்குப் பின்னால் பெரிய டேங்க் வைத்துவிட்டோம், இப்போது தண்ணீருக்குக் குறைவே இல்லை.

"நாளைக்கு ஊத்திக்கலாம்," என்றேன்.

என் முகத்தையே பார்த்தாள். பிறகு வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டு உள்ளே போனாள். அந்த 'நாளைக்கு' இன்னும் வரவில்லை. மழைத்தண்ணீரால்கூட அந்த உப்பைக் கழுவ முடியாது. வண்டிமேல் ஒரு சொட்டு விழக் கூடாதென்று அந்த ஷெட்டைப் பார்த்துப் பார்த்துக் கட்டியவர் நீங்கள்தானே.

துருவைப் பார்த்ததில் எனக்குச் சந்தோஷம்தான். ஒளிக்கவில்லை. இனி தினமும் போய்ப் பார்ப்பேன். ஆனால் போன மாதம் மகள் எனக்காகக் குளியலறையில் ஷவர் வைத்துக் கொடுத்தாள். அதைத் திறந்தால் யார் பங்கையோ எடுப்பதுபோல் இருக்கிறது, மூடிவிடுகிறேன். பின்னால் டேங்க் நிரம்பி வழிகிற சத்தம் கேட்டுக்கொண்டேயிருக்க, இன்றைக்கும் அரை வாளியில்தான் குளித்தேன்.