ஒட்டிக்கொண்ட ரிலே

அன்புள்ள அம்மாவுக்கு,

எல் ஆல்ட்டோ குளிரில் உன் முழங்கால் வலி எப்படியிருக்கிறது? புவனோஸ் அயர்ஸில் எனக்கு ஒரு குறையுமில்லை.

தையற்கூடத்தின் வெளிக்கதவை முதலாளி பூட்டிச் சாவியைக் கொண்டுபோய்விடுகிறார். தூங்கும் அறைக்காவது நானே திறக்கிற பூட்டு இருக்கட்டுமென்று ஒரு மின்பூட்டு செய்தேன். அதில் பூட்டுக்கு மின்சாரத்தை விட்டு நிறுத்துகிற ரிலே சந்தையில் வாங்கியது. மேலே நல்ல கம்பெனியின் பெயர், உள்ளே வெறும் தகரம். ரேடியோவுக்கு வாங்கிய கெப்பாசிட்டரும் இப்படித்தான் உப்பி வெடித்தது. எரிச்சலாக வருகிறது, அம்மா! ஞாயிற்றுக்கிழமை ரிலே ஒட்டிக்கொண்டது. எத்தனை முறை பொத்தானை அமுக்கியும் கதவு திறக்கவில்லை.

அறைத்தோழன் நெமேசியோ உருண்டு சிரித்தான். "நம்ம ஊரு அலசிதாஸ் திருவிழாவுல பொம்மைச் சாமானா பாத்து வாங்கினியா? புகை காட்டி சாமிகிட்ட வைடா, அடுத்த வருஷம் நிஜ ரிலே ஆயிடும்!"

கதவை உடைக்கப் பயந்து, முதலாளி வரும்வரை உள்ளேயே கிடந்தோம். சாயங்காலம் அவரே உடைத்தார். "என் பூட்டு ஒண்ணு பத்தலையாடா உனக்கு?" என்றார். நானும் சிரித்துவைத்தேன்.

யாராவது வந்தால் நல்ல ரிலே ஒன்றும் கொஞ்சம் காய்ந்த உருளைக்கிழங்கும் கொடுத்தனுப்பு. நிஜ வீடு அமையட்டுமென்று அலசிதாஸில் எனக்காக வழக்கம்போலப் பொம்மை வீடு வாங்குவாயே, இந்த முறை கதவைத் திறந்து பார்த்து வாங்கு. போன வருஷத்து வீட்டில் கதவை வரைந்துதான் வைத்திருந்தார்கள்.

சாவிச் சத்தம் கேட்கிறது, நிறுத்துகிறேன்.

உன் எலியோடோரோ