கழற்றிப் போட்ட எழுபத்தெட்டு கிலோ

லாட்டு,

இன்று காலை கரியாஹாட் சிக்னலில் நம் வண்டிக்குப் பக்கத்தில் ஒரு புது பிக்கப் வந்து நின்றது. கூரைமேல் நாலு மஞ்சள் விளக்கு. முன்னால் யானைத் தந்தம் மாதிரி வளைத்த கம்பி. சிக்னல் விழுந்ததும் அவன் ஹாரன் அடித்தான். ஏழு ராகம். மேம்பாலத்துக்கு அடியில் பட்டு அது திரும்பி வந்தது. நான் தலையைத் திருப்பவே இல்லை. திருப்பினால் நீ உட்கார்ந்திருப்பாய் என்று இருந்தது. வீட்டுக்கு வந்ததும் நோட்டை எடுத்துவிட்டேன். அஞ்சாம் கிளாஸ் எழுத்துதான். உன்னால் இப்போது அதைப் பார்த்துச் சிரிக்க முடியாது, அதனால் தைரியமாக எழுதுகிறேன்.

லாட்டு என்று பேர் வைத்தது கிதிர்ப்பூர் துறைமுகக் குவார்ட்டர்ஸில் பக்கத்து வீட்டு பெங்காலி அம்மா. லாட்டு என்றால் அவர்களுக்குப் பம்பரம். ஓர் இடத்தில் நிற்கமாட்டாய் நீ. உன் அப்பாவும் என் அப்பாவும் ஒரே கிரேனுக்குக் கீழே வேலை பார்த்தவர்கள். நீ எனக்கு அத்தை மகன். மூக்கு ஒழுகிய நாளிலிருந்து நீ, வா, போ. கல்யாணத்துக்குப் பிறகு அதை மாற்றச் சொன்னார்கள். நான் மாற்றவில்லை. இப்போதும் மாற்றவில்லை.

அந்த வண்டியை நீ வாங்கும்போதே அது இரண்டு பேர் கை மாறி வந்த கிழம். ஹௌரா ஸ்டேஷனில் தெற்கேயிருந்து வரும் பார்சலை எடுப்போம். முருங்கைக்காய், சின்ன வெங்காயம், தேங்காய். கரியாஹாட்டில் இரண்டு கடை, தாக்குரியா பாலம் ஏறி இறங்கி லேக் கார்டன்ஸில் இரண்டு கடை. கணக்குச் சொல்ல நான் பக்கத்தில் உட்காருவேன். ஒவ்வொரு வருஷமும் விஸ்வகர்மா பூஜை வந்தால் ஊர் முழுக்கப் பட்டம் பறக்கும், ஒர்க்‌ஷாப்புக்கெல்லாம் மாலை விழும். நமக்கு நம் ஊர் ஆயுத பூஜையும் உண்டு. இரண்டு பூஜை வாங்கிய வண்டி என்று பெருமை அடிப்பாய். பூஜைக்குப் பூஜை அதற்கு ஒரு 'புது உடுப்பு' எடுப்பாய். முதல் வருஷம் முன்கம்பி. அடுத்த வருஷம் கூரைமேல் கேரியர். அப்புறம் வெள்ளிப் பூச்சு வைத்த படிக்கட்டு, தொண்டை பெருத்த சைலன்சர், கடைசியாகக் காற்று டாங்கியோடு அந்த ஏழு ராக ஹாரன்.

"இது எதுக்குய்யா?" என்று கேட்டால், "வண்டிக்கும் ஒரு மரியாதை வேணாமா புள்ள? நாலு பேரு திரும்பிப் பாக்கணும்" என்பாய்.

"நாலு பேரு புடவையத்தான் பாப்பாங்க. வயிறு காயிறத எவன் பாப்பான்?"

"ஒனக்கு ரசனையே கெடையாதுடி."

ரசனை கிடையாதுதான். எனக்கு இடுப்புதான் இருந்தது. அந்த வருஷம் மழை முடிகிற சமயம். தாக்குரியா பாலத்தில் இறங்குகிறோம், முழு பாரம். கீழே ஒரு மினிபஸ், கையைக் காட்டிய ஒருத்திக்காக நடு ரோட்டில் நின்றது. நீ பிரேக்கை மிதித்தாய். கூடவே ஹாரனையும் அழுத்தினாய். ஹாரன் ஏழு ராகத்தையும் பாடி முடித்தது, வண்டி நிற்கவில்லை. பஸ்ஸின் பின்பக்கத்தில் போய் முட்டியது. உன் முன்கம்பிக்கு ஒரு கீறல் இல்லை. எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. மூன்று வாரம் சுவரைப் பிடித்து நடந்தேன். "பிரேக் லைனர் மாத்திட்டேன், இனிமே ஒண்ணும் ஆகாது" என்றாய். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை உன் வாயில் வரவில்லை. அந்த வருஷப் பூஜைக்கு நீ வண்டிக்கு எதுவுமே வாங்கவில்லை. நான் விட்டேனா? "என்னய்யா, இந்த வருஷம் உன் மூத்த சம்சாரத்துக்கு உடுப்பு இல்லையா?" என்று குத்தினேன். நீ பட்டம் பார்க்கப் போய்விட்டாய். கோபம் என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்கு மூன்றாம் வருஷம் மஞ்சள் காமாலை. ஒன்பதே நாள். நீ ஒரு டப்பாவில் பணம் போட்டு வைத்திருந்தாய், பெரிய எஞ்சின் வாங்க. மல்லிக் பஜாரில் ஒரு பழைய எஞ்சினைப் பார்த்து வைத்திருக்கிறேன், இதைத் தூக்கிப் போட்டுவிட்டு அதை மாட்டினால் ராஜா மாதிரி இழுக்கும் என்று ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் சொன்னாய்.

பதினாறாம் நாள் முடிந்த மறுநாளே உன் அண்ணன், பெரியத்தான், டாலிகஞ்சிலிருந்து வந்து உட்கார்ந்தார். கவர்ன்மெண்ட் ஆபீஸ் மனுஷன். எதையும் முடிவு பண்ணிவிட்டுத்தான் கேட்பார்.

"வண்டிக்கு ஆளு பாத்துட்டேம்மா. குடுத்துட்டு நீ ஊருக்குப் போயி ஒன் அண்ணன்கூட இரு."

"எந்த ஊருக்கு அத்தான்? நான் பொறந்தது கிதிர்ப்பூர்ல."

"பொம்பள லாரி ஆபீசு நடத்துறதாம்மா?"

"லாரி இல்ல அத்தான், பிக்கப்பு. அதுல எட்டு வருசமா குந்தியிருக்கேன்."

அவர் சிரிக்கவில்லை. பூஜை வரை டைம் தருகிறேன், அதற்குள் ஒழுங்காக ஓடினால் வைத்துக்கொள், இல்லாவிட்டால் வாங்குகிறவன் வந்து ஓட்டிக்கொண்டு போவான் என்றார். வண்டி போனால் கடைக்காரர்கள் போவார்கள், கடைக்காரர்கள் போனால் இந்த ஊரில் எனக்கு இருக்க இடமில்லை. இது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

ராம்பிலாஸ் என்று ஒரு வயசான பிகாரி டிரைவரை வைத்தேன். ஸ்டீயரிங் அவர் கையில். வண்டிக்கு என்ன வேண்டும் என்கிற யோசனை என் கையில். டப்பாவில் இருப்பது ஒரே ஒரு வேலைக்குத்தான் காணும். தப்பாகப் போட்டால் திரும்பப் போட ஒன்றும் இல்லை. நிமாய்தா, உன் மிஸ்திரி, உன் பாட்டையே பாடினார். அவர் பெங்காலியில் சொன்னதை நம் பேச்சில் எழுதுகிறேன், அண்ணிக்கு பௌதி, அண்ணனுக்கு தாதா என்பதை மட்டும் மாற்றாமல்.

"பௌதி, பெரிய எஞ்சின் போட்டுருங்க. தாதாவோட கடைசி ஆசை. வண்டி பறக்கும்."

"எங்க பறக்கும் நிமாய்தா? எஸ்பிளனேட் நெரிசல்லயா?"

எனக்குப் படிப்பு இல்லை, எண்ணத் தெரியும். மறுநாள் மடியில் இருநூறு புளியங்கொட்டை கட்டிக்கொண்டு ஏறினேன். ராம்பிலாஸ் பிரேக் மிதிக்கும்போதெல்லாம் ஒரு கொட்டையை வேறொரு காலி டப்பாவில் போட்டேன். டாப் கியர் விழுந்தால் வேட்டியில் ஒரு முடிச்சு போடுங்கள் என்று அவரிடம் சொன்னேன். "பஹன்ஜி, போலீஸ் கேட்டா என்ன சொல்றது?" என்று சிரித்தார். கரியாஹாட் வருவதற்கு முன்னாலேயே மடி காலி. லேக் கார்டன்ஸ் போய் இறங்கினபோது அவர் வேட்டியில் இரண்டே முடிச்சு. இந்த ஊரில் நம் வண்டி ஓடுவதில்லை, லாட்டு. நின்று நின்று நகர்கிறது. நிற்கிற வண்டிக்கு நீ பறக்கிற எஞ்சின் தேடிக்கொண்டிருந்தாய்.

கொட்டை டப்பாவையும் வேட்டி முடிச்சையும் நிமாய்தா முன்னால் வைத்தேன். அவர் தலையைச் சொறிந்தார்.

"அப்ப என்ன வேணும்ங்கிறீங்க?"

"நிக்கணும். நின்னா கொதிக்கக் கூடாது. பாரத்துல பின்னாடி உக்காரக் கூடாது. எஞ்சின் இருக்கிறதே போதும்."

"இதெல்லாம் வெளிய தெரியாது பௌதி. பூஜைக்கு வர்றவன் என்ன புதுசுன்னு கேட்டா?"

"கேக்கட்டும்."

பிரேக்குக்கு நாலு சக்கரத்திலும் டிரம் கடைந்து, லைனர் மாற்றி, மிதிக்கிற பலத்தைப் பெருக்கிக் கொடுக்கிற பூஸ்டர் ஒன்று. ஒரு வரிசை கூடுதலாக உள்ள ரேடியேட்டர். பின்னால் பட்டை ஸ்பிரிங்கில் ஒடிந்ததை மாற்றி, மேலே ஒரு பட்டை. டப்பா காலி. அதற்குமேல் ஒன்று செய்ய வேண்டியிருந்தது, அதற்குப் பணம் வேண்டாம், மனசுதான் வேண்டும். நீ போட்டதையெல்லாம் கழற்றச் சொன்னேன்.

நிமாய்தா ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டார். "தாதா பூஜைக்குப் பூஜை ஆசையா போட்டது."

"ஆசை எத்தனை கிலோன்னு பாப்போம்."

பழைய இரும்புக்காரன் தராசில் ஏற்றினோம். முன்கம்பி, கேரியர், படிக்கட்டு, பீரங்கி சைலன்சர், ஹாரன், அதன் காற்று டாங்கி. எழுபத்தெட்டு கிலோ. ஒரு மூட்டைக்கு மேல் தேங்காய், லாட்டு. அத்தனை வருஷமும் ஒரு மூட்டையை இறக்கி வைத்துவிட்டு உன் மரியாதையை ஏற்றிக்கொண்டு போயிருக்கிறோம். எனக்கு அங்கேயே ஆத்திரமாக வந்தது. அழுகையும் வந்தது, இரும்புக்காரன் முன்னால் அழமாட்டேன் என்று நின்றேன்.

பூஜை அன்று பெரியத்தான் வந்தார். ஒர்க்‌ஷாப்பில் நான் மஞ்சள், குங்குமம், பூசணிக்காய் எல்லாம் வாங்கி வைத்திருந்தேன். சீட்டுக்கு முன்னால் தட்டில் பழைய பிரேக் லைனரையும் புதுசையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தேன்.

"தம்பி போயி ஏழு மாசம் ஆகல. வருசம் திரும்பாம வீட்ல பண்டிகை உண்டா? அதுவும் நீ ஒன் கையால பொட்டு வைக்கிறதா?"

"துக்கம் எனக்குத்தான் அத்தான். வண்டிக்கு இல்ல."

வண்டியின் நெற்றியில் நானே குங்குமம் வைத்தேன். என் நெற்றியில் வைக்கக் கூடாது என்றார்கள்; வண்டிக்கு வைக்க யாரிடமும் கேட்கவில்லை. நிமாய்தா பூசணிக்காயை உடைத்தார். பெரியத்தான் வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார். "டப்பாக் காசெல்லாம் எங்க போச்சு? மொட்டையா நிக்குது" என்றார்.

"ஏறுங்க, காட்டுறேன்."

அவரை நடுவில் உட்காரவைத்து, ஹௌராவில் எடுத்த முழு பாரத்தோடு போனோம். கொதிக்கவில்லை. தாக்குரியா பாலம் ஏறினது. இறங்கும்போது, சாமி சத்தியமாக நான் ஏற்பாடு பண்ணவில்லை, அதே இடத்தில் ஒரு மினிபஸ் நின்றது. இந்த ஊர் மினிபஸ்ஸுக்கு அது பழக்கம். பெரியத்தான் "ஹாரன், ஹாரன்!" என்று கத்தினார். ஹாரன் ஏது, அது தராசில் போயாச்சு. ராம்பிலாஸ் மிதித்தார். வண்டி மூக்கைக் கீழே குத்தி நின்றது. பஸ்ஸுக்கும் நமக்கும் நடுவில் ஒருத்தி கூடையோடு நிதானமாகக் கடந்து போனாள். எங்களைப் பார்த்து முறைத்துவிட்டு வேறு போனாள்.

பெரியத்தான் வேட்டியைச் சரிபண்ணிக்கொண்டு, "பின்னாடி ஒரு தேங்கா உருண்ட சத்தம் கேட்டுச்சு, பாத்துக்க" என்றார். வாங்க வந்தவனை அவரே திருப்பி அனுப்பிவிட்டார். என்னிடம் சொல்லக்கூட இல்லை. உங்கள் குடும்பத்தில் யாருக்கும் மன்னிப்பு என்கிற அந்த வார்த்தை வாயில் வராது.

ஒன்றை வேண்டும் என்றே கடைசியில் எழுதுகிறேன். கழற்றுகிற அன்று சீட்டையும் தூக்கிப் பார்த்தார் நிமாய்தா. உன் பக்கம் வெறும் பலகை, மேலே பஞ்சு. என் பக்கம் பலகையே இல்லை. ஏதோ பெரிய காரின் சீட்டிலிருந்து எடுத்த சுருள் கம்பிகள், ஆறு, வரிசையாகப் பற்றவைத்து, உரசாமல் சாக்குச் சுற்றி.

"இது என்ன நிமாய்தா?"

"தாதா போட்டது. நீங்க இடுப்பு வலியில படுத்திருந்தீங்களே, அந்த வருசம் பூஜைக்கு. சொல்லக் கூடாதுன்னாரு."

வண்டிக்கு உடுப்பு இல்லையா என்று நான் குத்தின வருஷம்.

அதை நான் தராசில் ஏற்ற விடவில்லை. ஆனாலும் உன்னை விடமாட்டேன். முட்டினால் எனக்கு வலிக்காமல் இருக்க வழி பண்ணினாய். முட்டாமல் இருக்க வழி பண்ணவில்லை. அதுதான் நீ. அன்றிலிருந்து உன்னோடு நடக்கிற சண்டை இன்னும் முடியவில்லை. முடிக்கிற எண்ணமும் எனக்கு இல்லை.

ரேடியேட்டர் அப்புறம் ஒரு தடவை மாற்றியாயிற்று, லைனர் எத்தனையோ தடவை. இந்தக் கிழத்தை எப்போது நிறுத்தப் போகிறாய் என்று எல்லாரும் கேட்கிறார்கள். நிற்கத் தெரிந்த வண்டி, நிறுத்தமாட்டேன் என்கிறேன். காலையில் அந்த ஏழு ராகக்காரன் போனபிறகும் நான் அந்த ஆறு கம்பி மேல்தான் உட்கார்ந்திருந்தேன். குழியில் விழும்போதெல்லாம் அது என்னைத் தூக்கி வைக்கிறது. எட்டு வருஷம் பக்கத்தில் உட்கார்ந்தும் எனக்கு அது தெரியவில்லை. சொல், லாட்டு: எனக்குத் தெரியாமல் இந்த வண்டியில் இன்னும் என்னென்ன மாட்டி வைத்திருக்கிறாய்?