01 என்ற மூத்த பிள்ளை

2025 ஜூன் 3
ரொறன்ரோவிலிருந்து ஜெகதீஸ் அண்ணையின் கட்டளை. குடும்ப வரலாற்றுப் புத்தகம் போடப் போகிறாராம். காணி உறுதிகள், பிறப்புச் சான்றிதழ்கள், பழைய படங்கள் எல்லாவற்றையும் நான் ஸ்கான் செய்து, அவர் சொன்னபடி பெயர் வைத்துக் கூகிள் கோப்புறையில் ஏற்ற வேண்டும். மூத்த பிள்ளைக்கு 01. அதாவது, அவருக்கு. எனக்கு 02_பத்மாசனி. இங்கே சுருவில் கிராமத்து வீட்டு அலுமாரியில் கறையான் தட்டுவது நான், வம்சத்தைக் கண்டுபிடிப்பது அவர்.

ஜூன் 5
கரண்ட் இல்லை. சந்தோசம்.

ஜூன் 9
அம்மாவின் சீதன உறுதிக்கு அடியில் சத்தியபாமா அக்காவின் பிறப்புச் சான்றிதழ். 1966. அண்ணையைவிட இரண்டு வயது மூத்தவள். அல்லைப்பிட்டிச் சூசைநாதனோடு போன நாளிலிருந்து இந்த வீட்டில் அவள் பெயரைச் சொல்வதில்லை. கடலுக்குப் போகிறவன், மாதாவைக் கும்பிடும் வேதக்காரன் — போதாதா?
01 என்று போட்டு ஏற்றினேன். ஏன்? அண்ணையின் 01ஐப் பறிக்கத்தான். வேறு நல்ல எண்ணம் ஒன்றும் இல்லை.

ஜூன் 10
அழித்துவிட்டார். மறுபடி ஏற்றினேன்.

ஜூன் 11
மறுபடியும் அழித்துவிட்டு, போன் எடுத்துக் கத்தினார்.
"அப்பாவின்ர கல்வெட்டில பிள்ளையள் ரெண்டு பேர் எண்டுதான் இருக்கு. அதுதான் ஆதாரம்."
கல்வெட்டு என்பது, அப்பா செத்த முப்பத்தோராம் நாள் சாப்பாட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் அச்சடித்துக் கொடுத்த நினைவுப் புத்தகம். இவருக்கு அது நீதிமன்றத் தீர்ப்பு!
"அது பிழை அண்ணை."
"பிழையெண்டா, அச்சகத்துக்கு எழுதிக் குடுத்தது ஆர்? நீதானே!"
ஓம். நான்தான்.

ஜூன் 12
அவள் போனதால்தான் எனக்குப் பேசிவந்த கலியாணம் குழம்பியது. அப்பா செத்தபோதும் அந்தக் கோபம் ஆறவில்லை. அவள் பெயரை எழுதிவிட்டு வெட்டினேன். ஒருவரும் வெட்டச் சொல்லவில்லை. இருபத்தொரு வருசமாக, அண்ணைதான் சொன்னவர் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு — சீ!

ஜூன் 15
பஸ் எடுத்து அல்லைப்பிட்டிக்குப் போனேன். அக்கா இருக்கச் சொல்லவில்லை. சான்றிதழை நீட்டினேன். வாங்காமல் உள்ளே போய் ஒரு புத்தகத்தோடு வந்தாள். அப்பாவின் கல்வெட்டு. அவளிடமும் ஒன்று இருந்திருக்கிறது.
"அப்பாக்குப் பிள்ளையள் ரெண்டு பேராம். அப்ப நான் உமக்கு என்ன முறை?"
என்னைத் தூக்கி வளர்த்தவள் கேட்கிறாள்.
"நான்தான் அக்கா வெட்டினனான்."
"தெரியும். நீர் போம்."

ஜூன் 18
அண்ணை என்னைக் கோப்புறையிலிருந்தே நீக்கிவிட்டார். நீக்கட்டும். அசல் எல்லாம் என் அலுமாரியில், பிரதி எல்லாம் என் லப்டொப்பில்.

ஜூன் 22
அக்காவின் மகள் நிருஜா வட்ஸ்அப்பில் ஒரு திருமணச் சான்றிதழின் படம் அனுப்பியிருக்கிறாள். கீழே:
"அம்மாவின்ர பேர் போடுறதெண்டா என்ர அப்பாவின்ர பேரும் சேத்துப் போட வேணுமாம். இல்லாட்டி ஒண்டும் வேண்டாமாம். அம்மா சொன்னவ."
மன்னிப்பு என்ற பேச்சே இல்லை. கேட்க எனக்கும் முகமில்லை.
அறுபத்தேழு கோப்புகளுக்கும் எண் மாற்றினேன். அண்ணை 02. நான் 03. கடைசியாக, 01_சத்தியபாமா_சூசைநாதன். சொந்தக்காரர் எல்லோரும் இருக்கும் குழுவில் அனைத்தையும் போட்டேன். கூடவே ஒரு வரி: 'அப்பாவின் கல்வெட்டில் அக்காவின் பெயரை வெட்டியது நான், பத்மாசனி.'
அண்ணை குழுவிலிருந்து வெளியேறிவிட்டார். நிருஜாவைச் சேர்த்திருக்கிறேன்.