பென்சில் உயர்ந்த இடம்

சிவமயம்

பேர்ண்,
16.03.1986

என் கௌரிக்கு,

நான் சுகம். நீரும் மாமியும் சுகமாக இருக்க நல்லூரானை வேண்டிக்கொண்டே பேனையைத் தொடுகிறேன். மூன்று கிழமையாக என்னிடமிருந்து ஒரு வரியும் வராததற்குத் தபால்காரரைத் திட்டியிருப்பீர். அந்த மனிசன் பாவம். எழுதாமல் இருந்தது நான்தான். கோபம். அது என் மூக்கு நுனியிலேயே குந்திக்கொண்டிருக்கும் என்பது உமக்குத் தெரியாததா?

கோபத்துக்குக் காரணம் உமது கடிதம். நீர் இங்கே வந்து என்னோடு இருப்பதற்கான அனுமதியை வெளிநாட்டவர் பொலிசுக்கு நடையாய் நடந்து எடுத்து அனுப்பினேன். ஜூன் முடிவதற்குள் நீர் இந்த நாட்டில் கால் வைக்கவேண்டும்; தவறினால் அது செல்லாது. நீரோ, "ஓகஸ்ட் சோதினை முடியாமல் நான் வெளிக்கிடமாட்டன். இந்திரா ரீச்சரும் கனடாவுக்குப் போட்டா. என்ரை பிள்ளையளுக்கு இரசாயனம் படிப்பிக்க வேறை ஆர் இருக்கினம்?" என்று எழுதிவிட்டீர். இங்கே பூம்ப்ளிஸில் என்னோடு ஒரே அறையில் இருக்கும் சிவநேசனிடம் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். ஹோட்டல் குசினியில் கோப்பை கழுவிக் களைத்து வந்தவன், "என்ன அண்ணை, அவனவன் மனிசியைக் கூப்பிட வழியில்லாமல் நிக்கிறான், உங்கட மனிசி வழி இருந்தும் வரமாட்டன் எண்டுறாவோ?" என்று எரிகிற நெருப்பில் எண்ணெயை ஊற்றினான். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டுத்தானே. இனிக் கடிதமே போடுவதில்லை என்று இருந்துவிட்டேன்.

இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால், நேற்று இட்வல் தன் நாட்டுக்கே திரும்பிப் போய்விட்டார்.

என் ஆராய்ச்சிக்குப் பொறுப்பாக இருந்த விரிவுரையாளர் இட்வல் பென்றியைப் பற்றி முன்பும் எழுதியிருக்கிறேன். வேல்ஸ்காரர். யாராவது இங்கிலாந்துக்காரர் என்று சொல்லிவிட்டால் காது இரண்டும் சிவந்துவிடும். தாய் ஒரு கரையோர ஊரில் சில்லறைக் கடை வைத்திருந்தவ. பள்ளிக்கூடம் போகும்வரை அவருக்கு வெல்ஷைத் தவிர வேறு பாஷை தெரியாதாம். அங்கிருந்து படித்து முன்னேறி, இங்கிலாந்தில் பட்டம் எடுத்து, பேர்ணுக்கு வந்தவர். சோதனைக் குழாயைத் தொடாமல் கம்பியூட்டரில் கணக்குப் போட்டே இரசாயனம் செய்வதுதான் அவரது வேலை. ஒரு மூலக்கூறு ஒரு வடிவத்திலிருந்து இன்னொரு வடிவத்துக்கு மாற எவ்வளவு சக்தி வேண்டும் என்று பார்ப்பது. இரண்டு பள்ளத்தாக்குக்கு நடுவே மலை, அதில் ஆகப் பதிந்த கணவாய் எது என்று தேடுகிறோம் என்பார். (இந்த உதாரணத்தை உமது வகுப்பில் சொல்லிவிடாதேயும். மலையைக் காணாத சாவகச்சேரிப் பிள்ளைகள் கணவாய் என்றதும் மீன்சந்தைக் கணவாயில் வைத்த கறியைத்தான் நினைப்பார்கள்.)

நான் வந்த புதிதில் அவர் போட்ட சட்டம் ஒன்று இருக்கிறது. இதைக் கேட்டால் உமக்குச் சிரிப்பு வரும். பல்கலைக்கழகக் கம்பியூட்டர் ஒன்றுதான், எல்லாத் துறையும் அதற்குப் பின்னால் வரிசையில் நிற்கும். பிழையான கணக்கை அனுப்பினால் ஒரு கிழமை வீண். ஆகவே அனுப்புவதற்கு முன் கணக்கு முழுவதையும் வாயால் அவருக்கு விளக்கவேண்டும். ஆங்கிலத்தில் தொடங்கினேன். கையைக் காட்டி நிறுத்தி, உன் தாயிடம் சோறு கேட்ட பாஷையில் சொல் என்றார். உங்களுக்குத் தமிழில் ஒரு சொல்லும் தெரியாதே என்றேன். தெரியாதுதான், நீ சொல் என்றார்.

மனிசனுக்கு விசர் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் சும்மா சொல்லக்கூடாது, வேலை செய்தது. கையில் பென்சிலோடு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். எங்கேயாவது என் குரல் தடக்குப்பட்டால் பென்சில் மேலே போகும். அந்த இடத்தைத் திருப்பிச் சொல் என்பார். திருப்பிச் சொல்லப் போனால் ஐயோ, பிழை அங்கேதான் இருக்கும். ஆங்கிலத்தில் எல்லாப் பிழையையும் அழகாக மூடிக்கொண்டு போய்விடலாம், தமிழில் முடியவில்லை. தன் கணக்குகளை அவரும் எனக்கு வெல்ஷில் சொல்வார். நானும் பென்சிலைத் தூக்குவேன். பாதி நாள் குத்துமதிப்பாகத் தூக்கியதுதான், ஆனாலும் இரண்டு தரம் சரியாகப் பிடித்திருக்கிறேன்!

உமக்கு இதுவரை எழுதாத ஒன்று. எண்பத்துமூன்று ஆடியில் கொழும்பு எரிந்து, யாழ்ப்பாணத்திலும் ஆமி சுட்டதாகச் செய்தி வந்து, உம்மிடமிருந்து தகவல் ஒன்றும் இல்லாமல் நான் கிடந்த நாட்களில், ஒருநாள் வழமைபோல் கணக்கை விளக்க உட்கார்ந்தேன். வாயைத் திறந்தால் கணக்கு வரவில்லை. கௌரி உயிரோடு இருக்கிறாளோ தெரியாது, நான் இங்கே என்னத்துக்கு இருக்கிறேன் என்று தமிழில் கொட்டித் தீர்த்துவிட்டேன். பென்சில் உயரவே இல்லை. கம்பியூட்டர் இன்றைக்கு ஓய்வெடுக்கட்டும் என்று தேத்தண்ணீர் போட்டுத் தந்தார். பிறகு அவரும் தன் பாஷையில் நெடுநேரம் என்னவோ சொன்னார். என்ன சொன்னார் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அதற்குப் பிறகுதான் எனக்கு நித்திரை வந்தது.

அப்படிப்பட்டவருக்கு இங்கே நிரந்தர வேலை கொடுக்க முன்வந்தார்கள். வேண்டாம் என்றுவிட்டார். வேல்ஸில் சின்னக் கல்லூரி ஒன்றில் வெல்ஷ் மொழியில் இரசாயனம் படிப்பிக்கப் போகிறாராம். ஒரே வாங்கில் நெருங்கி உட்காரக்கூடிய அளவு மாணவர்கள்தான். சம்பளமும் குறைவு, பெரிய கம்பியூட்டரும் இல்லை. துறையில் எல்லோரும் தலையில் அடித்துக்கொண்டார்கள். நானும் கேட்டேன், இரண்டு வருடம் கழித்துப் போனால் ஆகாதோ என்று. அந்தப் பிள்ளைகளுக்குப் பதினெட்டு வயது ஒரு தரம்தான் வரும், எனக்காக அது காத்திருக்காது என்றார்.

எனக்கு உமது கடிதம் ஞாபகம் வந்தது. வந்த கோபம் இன்னும் கூடியது.

வெள்ளிக்கிழமை பின்னேரம் புத்தகங்களைப் பெட்டியில் அடுக்கிவிட்டு, கடைசியாக ஒரு கணக்குச் சொல் என்றார். என்னிடம் கணக்கு இருக்கவில்லை. உமது கடிதம் சட்டைப் பையில் இருந்தது. சரி என்று அதைத் தமிழில் விளக்கினேன். அனுமதி ஜூன் வரை, சோதனை ஓகஸ்டில், அவள் வரமாட்டாள், ஆகவே அவளுக்கு நான் பெரிதில்லை, அந்தப் பிள்ளைகள்தான் பெரிது என்று முடித்தேன். நல்ல சத்தமாகத்தான் சொன்னேன். பென்சில் உயர்ந்துவிட்டது.

கடைசி வரியைத் திருப்பிச் சொல் என்றார். அவளுக்கு நான், என்று தொடங்கினேன். மேலே போகமுடியவில்லை, கௌரி. நாங்கள் முன்பு இருந்த தட்டாதெரு வாடகை வீட்டில் விடைத்தாள்களைத் திருத்தியபடியே எனக்குத் தோசை சுட்டுப் போட்ட உமது முகம்தான் முன்னுக்கு வந்து நின்றது. மற்றக் கணக்கையெல்லாம் இட்வலின் முகத்தைப் பார்த்துக்கொண்டு உமக்குத்தானே சொல்லிவந்தேன்? உம்மைப் பற்றிய பொய்யை உம்மிடமே எப்படிச் சொல்வது? அப்படியானால் இதை இன்னும் அனுப்பாதே என்று சொல்லிவிட்டு அவர் பெட்டியைப் பூட்டினார்.

நேற்று ஸ்டேசனில் வழியனுப்பினேன். ரயிலுக்குள் ஏறியபிறகு யன்னலால் அந்தப் பென்சிலை நீட்டினார். கட்டைப் பென்சில். மேசையில் வைத்திருக்கிறேன்.

ஆகவே படிப்பியும். ஓகஸ்ட் வரை உம்மை ஒன்றும் கேட்கமாட்டேன். திங்கட்கிழமை காலையே அந்த அலுவலகத்துக்குப் போய்த் தவணை நீட்டித் தரச்சொல்லிக் கேட்பேன். தருவார்கள் என்று சொல்லமுடியாது. அங்கிருக்கும் அம்மாவுக்கு என்னைக் கண்டாலே அலுப்பு. ஆனாலும் போய்க் கும்பிட்டு நிற்பேன்.

ஆனால் என் பயத்தையும் சொல்லிவிடுகிறேன். அடுத்த வருடமும் ஒரு வகுப்புக்குப் பதினெட்டு வயது ஆகும். அதற்கடுத்த வருடமும் ஆகும்.

எனக்காக ஒன்று செய்யும். பின்னேரம் வீட்டு ஆட்டுக்குக் குழை போடப் போகும்போது, "சோதினை முடிஞ்சவுடனை நான் அவரிட்டைப் போயிடுவன்" என்று அதன் முகத்தைப் பார்த்துச் சத்தமாகச் சொல்லும். அதற்கும் ஒரு மண்ணும் விளங்காது, அதனால் இந்த வேலைக்கு நல்ல ஆள். உமது குரல் எங்கேயாவது தடக்குப்பட்டால் எனக்கு மறைக்காமல் எழுதும். சத்தியமாகக் கோபிக்கமாட்டேன். தடக்குப்படாவிட்டால் அந்த ஒரு வரியை மட்டும் எழுதி அனுப்பும், வேறு ஊர்ப்புதினம் ஒன்றும் வேண்டாம்.

மாமிக்கு என் அன்பைச் சொல்லும். உமது பிள்ளைகள் எல்லோரும் சோதினையில் சித்தியடைய நான் ஆசீர்வதித்ததாகச் சொல்லும். ஹெலிகொப்டர் சத்தம் கேட்டால் வாசலில் நின்று அண்ணாந்து பார்க்காமல் அவர்களையும் கூட்டிக்கொண்டு பங்கருக்குள் இறங்கும். கந்தன் உம்மைக் காக்கட்டும். ஓகஸ்டுக்குப் பிறகும் நீர் எனக்கு வேணும்.

உமது வழியைப் பார்த்தபடி,
குகநாதன்