இரண்டு விரல்கடை

அன்புள்ள மச்சான் நஸீர்,

நீ கண்ணை மூடி இரண்டு வருஷமாகிறது. உன்னிடம் ஒப்புக்கொள்ளாமல் விட்ட ஒன்றை இன்றைக்காவது சொல்லிவிட வேண்டும்.

நாம் இருவரும் ஹாம் ரேடியோ லைசன்ஸ் எடுத்த புதிதில், என் கண்டி வீட்டுக் கூரையில் மெல்லிய செப்புக் கம்பியில் கட்டிய அன்டெனா நினைவிருக்கிறதா? காற்றில் அது அறுந்ததும், கெலிஓயாவில் இருந்த உன் கடையிலிருந்து ஒரு அங்குலத் தடிப்புள்ள அலுமினியக் குழாயைத் தோளில் சுமந்து வந்தாய். நான் பழைய கம்பியின் அளவுக்கே அதை வெட்டினேன். ரேடியோவோடு இணைத்த மீட்டரின் முள் ஏறி நின்றது. அனுப்பும் அலையில் பாதி வெளியே போகாமல் திரும்பி வந்தது.

"மச்சான், இது மொத்தக் குழாய். கம்பிட நீளம் இதுக்குச் சரிவராது, கொஞ்சம் கொறைக்கோணும்" என்றாய்.

"அலைக்குக் குழாயோட தடிப்பு தெரியுமாக்கும்? கணக்கு கணக்குத்தான்டா. கடைக்காரன் எனக்குச் சொல்லித் தர வேணாம்!"

அந்தக் கடைசி வார்த்தையை ஏன் சொன்னேன்? நீ தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனாய். பிறகு பேசினோம், சிரித்தோம். அன்டெனாவைப் பற்றி மட்டும் நீயும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

உனக்காக நாற்பதாம் நாள் கத்தம் ஓதி முடிந்த பிறகு ஒரு மத்தியானம் கூரையில் ஏறினேன். இரு முனையிலும் ஒவ்வொரு விரல்கடை அறுத்தேன். முள் அப்படியே இறங்கியது. தடிமன் கூடினால் நீளம் குறைய வேண்டும். நீ சொன்னதுதான் சரி. கூரையிலேயே உட்கார்ந்து அழுதேன்.

போன மாதம் அடைமழை. மலைப் பக்கம் மண் சரிந்து, போன்களும் செத்துவிட்டன. உன் மனைவி நனைந்துகொண்டு என் வாசலுக்கு வந்தார்.

"அண்ணே, ஸஹ்லாட சத்தம் ஒண்டுமே இல்ல. ஹுன்னஸ்கிரியப் பக்கம் ரோட்டும் இல்லயாம்."

உன் மகள் அங்கே தோட்டப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறாள், தெரியுமா? நீ சொன்னபடி குறைத்த அந்த அன்டெனாவை நம்பி ரேடியோவில் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். ஒரு மணி நேரம் கழித்து இரைச்சலுக்குள் ஒரு குரல். தோட்டத்து மருந்தாளர்; அவரும் நம்மைப் போல ரேடியோ வைத்திருப்பவர்.

"டீச்சர் நல்லா இருக்காங்க சார். லயத்து வீடுகள்ல இருந்த சனங்களப் பள்ளிக்கூடத்துல வச்சுப் பாத்துக்கிறாங்க."

உன் மனைவி கதிரையில் சாய்ந்து அழுதார். அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அவர் அண்டைக்கே மறந்திருப்பார் அண்ணே" என்றார். மறந்திருந்தாயா மச்சான்?

ரோடு திறந்ததும் ஸஹ்லாவின் பள்ளிக்கூடக் கூரையிலும் ஓர் அன்டெனா கட்டுவேன். யார் என்ன சொன்னாலும் கேட்டுவிட்டுத்தான் வெட்டுவேன்.

உன் பிள்ளைக்கு மாமாவாக இருக்கும்,
சந்திரன்