இரண்டாவது கண்ணைக் கழற்றிய நாள்

திங்கள், 08:10. வழக்கமான பதிவு

இதைக் கண்டெடுக்கப்போகும் மகாஜனங்களே! கீழே வருவதை ஒரு ஜென்மமும் நம்பாது. இது சத்தியம்.

நிலவில் அடியேன் வேதரத்தினம் தன்னந்தனி. இந்த நிலையத்துக்கு ராஜா, மந்திரி, சமையல்காரன் எல்லாம் நானே. வேலை: இறங்கும் கப்பலுக்குத் தூரம் அளந்து சொல்லும் லேசரை ஆடாமல் வைத்திருப்பது. ஒளியின் பலம் ஏறி இறங்கினால் அளவும் ஏறி இறங்கும். இன்று ஒளி அடங்கிக் கிடக்கிறது. பூமியில் இருக்கும் கொசுவின் மீசையை இங்கிருந்தே எண்ணலாம். எண்ணினேன். ஒரு மயிர் நரைத்திருந்தது.

திங்கள், 15:40. பகை

நாளை எங்கள் விண்வெளிச் சபையின் டைரக்டர் சொர்ணலிங்கம் வருகிறார். தனிக் கப்பல், தானே ஓட்டி. விருதுக்குப் போட்டோ எடுக்கவாம். என்னை ஊருக்குக் கொண்டுபோகும் ஒரே வண்டியும் அதுதான்.

பகை இது. லேசருக்குள் ஒரு கண், அதாவது ஒளியை அளக்கும் கருவி. ஒளி ஆடுவதைப் பார்த்து அடக்கச் சொல்வது அது. அடங்கியதா என்று அதனிடமே கேட்டால் வேறென்ன சொல்லும்? கண்ணே பழுதானால், தன் நடுக்கத்தை ஒளியின் தலையில் ஏற்றிவிட்டு, 'ஆட்டம் சைபர்' என்று மீட்டரில் காட்டும். வெளியே இருந்து பார்க்க இரண்டாவது கண் வேண்டும் என்று சபையில் மைக் பிடித்துச் சொன்னேன். டைரக்டர் சிரித்தார், சபையும் சிரித்தது. மறுவாரம் நான் நிலவில்.

முதல் கண் இப்போது நிஜமாகவே பழுது. நானே செய்து மாட்டிய இரண்டாவதை வைத்துத்தான் காலம் தள்ளுகிறேன்.

செவ்வாய், 10:05. ரேடியோ

"யோவ் வேதரத்தினம், அந்த ரெண்டாவது கண்ணு இன்னும் தொங்குதாமே? போட்டோவுல அசிங்கமா விழும். கழட்டுய்யா."

"ஐயா, மொதக் கண்ணு பழுது. இது இல்லேன்னா லேசர் ஆடும்."

"மீட்டர் என்ன காட்டுது?"

"சைபருங்க."

"அப்புறம் என்னய்யா? உத்தரவுன்னா உத்தரவு."

இன்னொரு தடவை எச்சரித்திருக்கலாம். மனசு வரவில்லை. கல்யாண வீட்டு லட்டைப் பிட்டுத் தின்பதுபோல் ஒவ்வொரு திருகாக ரசித்துக் கழற்றினேன்.

செவ்வாய், 11:30. இறக்கம்

கப்பல் தெரிகிறது. லேசர் நூறு மீட்டர் என்கிறது. உடனே நூற்றெண்பது. உடனே அறுபது. அதை நம்பிக் கப்பல் கள் குடித்த யானையாகக் குதிக்கிறது. அந்தக் குதிப்பில் நிலவே இரண்டு முழம் நகர்ந்தது.

"வேதரத்தினம்! என்னய்யா ஆச்சு?"

"மீட்டர் சைபருங்க ஐயா."

"வெளையாடாதய்யா!"

"ஒரு கண்ணு போதாதுன்னு சொல்லுங்க. ரேடியோ திறந்துதான் இருக்கு, சபை மொத்தமும் கேக்குது."

மூச்சு வாங்கும் சத்தம். எனக்கோ நாதஸ்வரக் கச்சேரி.

"போதாதுய்யா... நீ சொன்னதுதான் சரி. மாட்டுய்யா, ஐயா, மாட்டு!"

11:34

மாட்டுகிறேன். கையுறை தடிமன். திருகு நழுவிவிட்டது. இங்கே எதுவும் சீக்கிரம் விழாது, ஆடி அசைந்து போகிறது. பிடித்துவிட்டேன். மாட்டி

11:36

வெளிச்சம். சத்தமே இல்லை. காலடியில் மட்டும் ஒரு அதிர்வு.

செவ்வாய். மணி பார்க்கவில்லை

ரேடியோவில் இரைச்சல். ஊருக்குப் போகும் வண்டி இருந்த இடத்தில் ஒரு புதுப் பள்ளம். இனி யார் வருவார்கள், எப்போது வருவார்கள், தெரியாது.

மேலே எழுதியதில் முக்கால்வாசி பொய். திருகு நழுவியதும் பொய்.

சின்ன விஷயம் ஒன்று மட்டும் நிஜம். இப்போதுகூடப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். மீட்டர் சைபரில்தான் நிற்கிறது.